ஸ்விஃப்ட்: ஏறக்குறைய ஒரே விலையில் மூன்று வேரியண்ட்டுகள், எதை எடுப்பது?

உடுமலை ஆசிரியை (கேள்வி)

வணக்கம். உடுமலைப்பேட்டையில் குடியிருக்கிறேன்; பொள்ளாச்சிக்கு அருகில் ஒரு பள்ளியில் பணி. பள்ளி நாட்களில் போக வர 60 கிலோமீட்டர் நானே ஓட்டிச் செல்கிறேன். மாமியார் வால்பாறையில் இருப்பதால் மாதம் ஒரு முறையாவது குடும்பத்துடன் மலையேறுகிறோம். இரண்டையும் கூட்டினால் ஆண்டுக்கு 15,500 கிலோமீட்டர் அளவில் வருகிறது. இப்போது வைத்திருக்கும் 800 சிசி காருக்குப் பதினான்கு வயதாகிவிட்டது. ஆழியாறு தாண்டியதும் ஏ.சி.யை அணைத்துவிட்டு முதல் கியரிலேயே முக்கி முனகி ஏறும் அதை இனியும் வதைக்க மனமில்லை.

புதிய மாருதி ஸ்விஃப்ட் என்பது வரை வீட்டில் முடிவாகிவிட்டது. எங்கள் சந்து குறுகலானது, 3.86 மீட்டர் நீளமுள்ள அந்தக் காரை அதில் திருப்பிவிடலாம் என்று நாடா பிடித்து அளந்தே பார்த்துவிட்டோம். சர்வீஸ் சென்டரும் நடந்து செல்லும் தூரத்தில் இருக்கிறது. சிக்கல் வேரியண்ட்டில்தான். சாலை வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலை 9 லட்சத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்று வரம்பு வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனால், அந்த வரம்புக்குள் மூன்று வெவ்வேறு கார்களைக் காட்டுகிறார்கள். முதலாவது, விஎக்ஸ்ஐ சி.என்.ஜி. இரண்டாவது, விஎக்ஸ்ஐ (ஓ) பெட்ரோல், கிளட்ச் மிதிக்கத் தேவையில்லாத ஏஎம்டி கியருடன். மூன்றாவது, இசட்எக்ஸ்ஐ பெட்ரோல், கையால் மாற்றும் கியருடன். 2024-இல் அறிமுகமானபோது இவற்றின் எக்ஸ் ஷோரூம் விலை (சாலை வரியும் காப்பீடும் சேராதது) முறையே 8.19, 8.06, 8.29 லட்சம். ஜி.எஸ்.டி. குறைந்த பிறகு மூன்றும் இறங்கிவிட்டாலும், ஒன்றுக்கொன்று உள்ள இடைவெளி ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. அதாவது ஒரே பணத்தில் எரிபொருள் சிக்கனத்தை வாங்கலாம், அல்லது கால் ஓய்வை வாங்கலாம், அல்லது வசதிகளை வாங்கலாம். மூன்றையும் சேர்த்து வாங்க முடியாது.

இரண்டு செய்திகளைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். எனக்கு இடது முழங்காலில் தேய்மானம் தொடங்கியிருக்கிறது. மாலையில் பொள்ளாச்சி நெரிசலைத் தாண்டி வீடு சேர்வதற்குள் கிளட்ச் மிதித்து மிதித்துக் கால் கனத்துவிடுகிறது. அடுத்தது, மலையேறும்போது டிக்கியில் 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றும் தேங்காய்ச் சாக்கு ஒன்றும் கட்டாயம் இருக்கும். மாமியாருக்கு வால்பாறைக் கடைத் தேங்காய் பிடிக்காது.

எந்த வேரியண்ட்டில் போட்ட காசுக்கு மதிப்பு மிகுதி என்பதை அனுபவமுள்ளவர்கள் காரணத்துடன் சொன்னால் உதவியாக இருக்கும்.

கணக்கு நோட்டு

ஆண்டுக்கு 15,500 கிலோமீட்டர் என்றதுமே சி.என்.ஜி.யைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். நிறுவனம் சொல்லும் மைலேஜ், பெட்ரோல் கைக் கியருக்கு லிட்டருக்கு 24.80 கிலோமீட்டர், ஏஎம்டிக்கு 25.75, சி.என்.ஜி.க்குக் கிலோவுக்கு 32.85. இவை சோதனைக்கூடத்தில் வந்த எண்கள். சாலையில், அதிலும் இப்போது எல்லா நிலையங்களிலும் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில், நான் 19 என்றே வைப்பேன், சி.என்.ஜி.க்கு 26. பெட்ரோலை லிட்டர் 101 ரூபாய் என்றும் எரிவாயுவைக் கிலோ 90 ரூபாய் என்றும் கொண்டால், ஆண்டுக்குப் பெட்ரோல் செலவு 82,000 ரூபாயைத் தாண்டும். எரிவாயுச் செலவு 54,000-க்குள் அடங்கும். மிச்சம் 28,000 ரூபாய்க்குக் குறையாது. உங்கள் ஊர் விலை வேறாக இருந்தால் அந்த எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி எதிர்ப்பக்கம். அறிமுக விலையில் விஎக்ஸ்ஐ பெட்ரோலுக்கும் சி.என்.ஜி.க்கும் வித்தியாசம் 90,000 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல், 1,200 சிசிக்கும் நான்கு மீட்டருக்கும் உட்பட்ட பெட்ரோல், எரிவாயுக் கார்களுக்கு, செஸ் வரியையும் சேர்த்து 29 விழுக்காடாக இருந்த வரி 18 ஆகிவிட்டது. எனவே அந்த வித்தியாசம் 82,000 ரூபாய் அளவுக்கு இறங்கியிருக்கும். இதோடு முடிந்தது என்று நினைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 13 விழுக்காடு; வேரியண்ட்டுக்காக நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் அரசுக்கு இன்னொரு 130 ரூபாய் போகிறது. ஷோரூம் விளம்பரத்தில் இது தெரியாது. ஆக உண்மையான இடைவெளி 93,000 ரூபாய். அதை 28,000-ஆல் வகுத்தால் மூன்றே கால் ஆண்டு. நீங்கள் பத்தாண்டுகளுக்கு மேல் ஒரே காரை வைத்திருப்பவர் என்பது பழைய காரின் வயதிலிருந்தே தெரிகிறது. எனவே மீதி ஏழாண்டும் லாபம்தான்.

கணக்கு மட்டும் பேசினால் விடை சி.என்.ஜி. முழங்காலுக்கும் தேங்காய்க்கும் என்னிடம் சூத்திரம் இல்லை.

கொண்டை ஊசி 40

கணக்கு நோட்டு அவர்களின் எண்களில் பிழை இல்லை. ஆனால் அவர் போட்ட காரில் அரிசி மூட்டை ஏறவில்லை. ஸ்விஃப்டின் டிக்கி 265 லிட்டர். இதே வகையில் பலேனோவுக்கு 318 லிட்டர் இருப்பதைப் பார்க்கும்போது இதுவே சிறியதுதான். சி.என்.ஜி. வேரியண்ட்டில் அந்த இடத்தை உருளை அடைத்துக்கொள்கிறது. பக்கவாட்டில் ஒரு துணிப்பையைச் செருகலாம், அவ்வளவே. அரிசி பின் இருக்கையில் உட்கார்ந்தால், பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பீர்கள்?

நான் வால்பாறையில் வசிப்பவன். இருபது ஆண்டுகளாக வாரம் ஒரு முறை பொள்ளாச்சிக்கு இறங்கி ஏறுகிறேன். எஞ்சின் விவரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஷோரூமில் இதைச் சொல்ல மாட்டார்கள். முந்தைய ஸ்விஃப்டில் நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்தது, 90 பி.எஸ். திறன், 113 நியூட்டன் மீட்டர் இழுவை. 2024 மே மாதம் வந்த புதிய வண்டியில் அதே 1,197 சிசி, ஆனால் மூன்று சிலிண்டர், 82 பி.எஸ்., 112 நியூட்டன் மீட்டர். எல்லா வேரியண்ட்டுக்கும் இந்த ஒரே எஞ்சின்தான். தாளில் திறன் குறைந்துவிட்டதே என்று பலர் வருந்தினார்கள். மலைக்கு வேண்டியது உச்சத் திறன் அல்ல, இழுவை; அது பெரிதாகக் குறையவில்லை. பெட்ரோலில் இந்த எஞ்சின் நால்வரையும் மூட்டையையும் ஏ.சி. போட்டபடியே இரண்டாம் கியரில் ஏற்றிவிடும்; மிக இறுக்கமான வளைவுகளில் மட்டும் முதல் கியர் கேட்கும். நின்றபடி இயங்கும்போது மூன்று சிலிண்டருக்கே உரிய லேசான அதிர்வு இருக்கைக்குத் தெரியும். ஓடத் தொடங்கினால் மறைந்துவிடும்.

எரிவாயுவில் ஓடும்போது இதே எஞ்சின் 70 பி.எஸ். அளவுக்கு இறங்கிவிடுகிறது; இழுவை 102 நியூட்டன் மீட்டர், உருளையின் எடையும் சேர்கிறது. ஏறவே ஏறாது என்று சொன்னால் பொய், ஏறும். ஆனால் பின்னால் ஒரு லாரி நெருக்கும்போது, முன்னால் மெதுவாகப் போகும் வேனைத் தாண்ட வேண்டிய அந்தப் பத்து வினாடியில் கால் அழுத்தியும் வண்டி யோசித்துக்கொண்டு நிற்கும். பெட்ரோலுக்கு மாற்றிக்கொண்டு ஏறுகிறேன் என்றால், மலைக்கு வாங்கிய சிக்கனம் அங்கே செல்லாது. ஒரு முறை நிரப்பினால் சுமார் எட்டுக் கிலோ. இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை வரிசையில் நிற்க வேண்டும். பள்ளிக்குப் போகும் அவசரத்தில் அந்த வரிசையின் அருமை தெரியும். மூன்றாண்டுக்கு ஒரு முறை உருளையைச் சோதனைக்கு அனுப்புவதும் சட்டப்படி கட்டாயம். முக்கியமாக, ஸ்விஃப்ட் சி.என்.ஜி. கைக் கியரில் மட்டுமே வருகிறது. முழங்கால் வலியோடு அதை வாங்குவது, வலிக்குப் பணம் கொடுத்து வாங்குவதாகும்.

ஏஎம்டியைப் பற்றி மலையில் கெட்ட பெயர் உண்டு; அதில் பாதி ஓட்டுபவரால் வந்தது. ஏஎம்டி என்பது வேறு கியர்ப்பெட்டி அல்ல, அதே ஐந்து கியர்ப் பெட்டிதான். நாம் காலால் மிதிக்கும் கிளட்ச்சை ஓர் இயந்திரக் கை மிதிக்கிறது, நாம் கையால் தள்ளும் கியரை அது தள்ளுகிறது. அந்தக் கைக்கு முன்னால் வளைவு வருவது தெரியாது. ஆகவே வளைவின் நடுவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு மாற்ற முடிவெடுக்கும். அந்த ஒரு நொடி வண்டி மூச்சை அடக்கியது போல நின்று, பிறகு உதறிக்கொண்டு கிளம்பும். தீர்வு எளிது: ஆழியாறு சோதனைச் சாவடியைத் தாண்டியதும் லிவரை மேனுவல் நிலைக்குத் தள்ளிவிடுங்கள். வளைவுக்கு முன்பே நீங்களே இரண்டுக்குக் குறைத்துவிட்டால், அது அப்படியே பிடித்துக்கொண்டு ஏறும். இறங்கும்போதும் அதே நிலையில் இரண்டாம் கியரிலேயே இறங்குங்கள், பிரேக் சூடாகாது.

ஒன்றே ஒன்றைச் செய்யக் கூடாது. மேலிருந்து அரசுப் பேருந்து வளைவை முழுவதும் எடுத்துக்கொண்டு இறங்கும்போது நீங்கள் சரிவில் நிற்க வேண்டி வரும். மலையில் ஏறுபவருக்கே முன்னுரிமை என்று விதி இருக்கிறது. பேருந்தின் நீளத்துக்கு அந்த விதி தெரியாது. அப்போது ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து வண்டியைப் பின்னால் போகாமல் பிடித்து வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. ஏஎம்டியில் அப்படிச் செய்தால் கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருந்து கருகத் தொடங்கும். அந்த வாசனை வந்துவிட்டால் செலவும் வரும். பிரேக்கில் நில்லுங்கள். காலை எடுத்ததும் மலையேற்ற உதவி இரண்டொரு வினாடி வண்டியைப் பிடித்துத் தரும். அந்த உதவி இந்தக் காரில் அடிப்படை வேரியண்ட்டிலிருந்தே இருக்கிறது.

எனவே என் வாக்கு இரண்டாவதுக்கு: விஎக்ஸ்ஐ (ஓ) ஏஎம்டி.

டீசல் பிரியர்

மலையும் சுமையும் என்றால் டாடா ஆல்ட்ரோஸ் டீசலை யாருமே சொல்லவில்லையே? 1,497 சிசி, 90 பி.எஸ்., 200 நியூட்டன் மீட்டர். இன்று இந்தியாவில் டீசலில் கிடைக்கும் ஒரே ஹேட்ச்பேக் அதுதான். 2020-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்ற வண்டியும்கூட.

கொண்டை ஊசி 40

ஐயா, இழுவையில் அதற்கு ஈடில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த டீசல் கைக் கியரில்தான் வருகிறது. டீச்சரின் வரம்புக்கும் மேலே போகும். சந்தின் அளவும் ஸ்விஃப்டுக்கு எடுத்தது. கேட்டது ஸ்விஃப்டில் எது என்று. அதில் நிற்போம்.

கிரீஸ் கை

மாருதி வண்டிகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருபத்தைந்து ஆண்டுகள் இருந்துவிட்டு, இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். வேரியண்ட் தேர்வைப் பற்றி நான் யாருக்கும் சொல்வது ஒன்றுதான்: பிற்பாடு கடையில் வாங்கி மாட்டிக்கொள்ளக்கூடிய எதற்காகவும் மேல் வேரியண்ட்டுக்குப் போகாதீர்கள், பிற்பாடு மாட்டவே முடியாத எதையும் விட்டுவிடாதீர்கள். கியர்ப்பெட்டியைப் பிற்பாடு மாற்ற முடியாது. எஞ்சினையும் மாற்ற முடியாது. ஹெட்லைட்டை மாற்றலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அங்கேதான் ஏமாறுகிறார்கள்.

முதலில், இந்தக் காரில் பாதுகாப்பு அம்சங்களுக்காக வேரியண்ட் ஏற வேண்டியதில்லை. ஆறு ஏர்பேக், வண்டி சறுக்காமல் தடுக்கும் இ.எஸ்.பி., எல்லா இருக்கைக்கும் மூன்று முனை பெல்ட் ஆகியவை அடிப்படை வேரியண்ட்டான எல்எக்ஸ்ஐயிலேயே வருகின்றன. பத்தாண்டுகளுக்கு முன்பு இரண்டு ஏர்பேக்குக்காகவே மேல் வேரியண்ட் வாங்கியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். (ஸ்விஃப்டின் செடான் வடிவமான டிசையருக்கு 2024-இல் குளோபல் என்கேப் ஐந்து நட்சத்திரம் கொடுத்ததைக் காட்டி, ஸ்விஃப்டும் அதே என்று விற்பனையாளர் சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். சோதிக்கப்பட்டது டிசையர்.) எல்எக்ஸ்ஐ உங்களுக்கு வேண்டாம், ஏனென்றால் அதில் ஏஎம்டியும் இல்லை, சி.என்.ஜி.யும் இல்லை. விஎக்ஸ்ஐயிலிருந்து ஏழு அங்குலத் திரை வருகிறது. (ஓ) என்ற எழுத்துக்குப் பொத்தானை அழுத்திக் கிளப்பும் வசதியும், பையிலிருந்தே வேலை செய்யும் சாவியும் முக்கியமானவை. இவை சொகுசுகள், இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகாது.

இசட்எக்ஸ்ஐக்குப் போனால் வருபவற்றில் அலாய் சக்கரத்தையும், ஒயர் இல்லாமல் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் தட்டையும் மறந்துவிடுங்கள். எனக்குப் பெரிதாகப்படுவன இரண்டு: எல்.இ.டி. ஹெட்லைட், பின் கண்ணாடி வைப்பர். அதற்குக் கீழ் உள்ளவற்றில் ஹாலோஜன் விளக்குதான். நகருக்குள் ஓட்டுபவருக்கு அது போதும். உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் இடையில் புளியமர நிழலில் மாலை ஆறரைக்கே இருட்டு கட்டும் சாலையில், எதிரே வரும் வண்டியின் வெளிச்சத்தில் கண் கூசி, ஓரத்தில் விளக்கில்லாமல் போகும் மாட்டு வண்டி தெரியாமல் போகிற நொடியில் நல்ல ஹெட்லைட் என்பது வசதி அல்ல. மலையில் மழைநாளில் சேறு தெறித்துப் பின் கண்ணாடி அடைந்துவிடும். ஹேட்ச்பேக்கின் பின்பக்கம் செங்குத்தாக வெட்டினாற்போல இருப்பதால் சக்கரம் கிளப்பும் அழுக்கு நேராக அதில் வந்து ஒட்டும். செடான் ஓட்டுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஐயாயிரம் ரூபாய்க்கு எல்.இ.டி. பல்பு மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். சென்ற மாதம் ஒருவர் அப்படி மாட்டிக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். சுவரிலிருந்து பத்தடி தள்ளி வண்டியை நிறுத்தி விளக்கைப் போட்டுக் காட்டினேன். ஹாலோஜனுக்கென்று செய்த கூட்டில், ஒளி எங்கிருந்து புறப்பட வேண்டுமோ அங்கிருந்து சற்று விலகிப் புறப்பட்டால், வெளிச்சம் மேலே ஏறாமல் நிறுத்தும் வெட்டுக்கோடு குலைந்துவிடும். சுவரில் மேலே பூராவும் வெள்ளை, கீழே சாலை இருக்க வேண்டிய இடத்தில் திட்டுத் திட்டாக இருட்டு. அவர் பார்வைக்குப் பளிச்சென்றும், எதிரே வருபவருக்குக் குருடாக்குவதாகவும் இருந்தது. அது போக, ஒயரை அறுத்து மாட்டியிருந்ததால் மின்சாரப் பகுதிக்கான வாரண்டியும் போயிற்று.

அப்படியானால் நான் மூன்றாவதைச் சொல்கிறேனா? இல்லை. கைக் கியர் இசட்எக்ஸ்ஐ வாங்கி, இரண்டாண்டில் கால் முடியாமல் வண்டியைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு நீங்கள் பேருந்துக்குப் போனால் அந்த ஹெட்லைட்டால் என்ன பயன்? நீங்கள் நான்காவது ஒன்றைப் பார்க்க வேண்டும்: இசட்எக்ஸ்ஐ ஏஎம்டி. கைக் கியரை விட அறிமுகத்தில் 50,000 ரூபாய் அதிகமாக இருந்தது. வரியெல்லாம் சேர்த்தாலும் இன்றும் அதைச் சுற்றித்தான் வரும். அந்தப் பணத்தை உங்கள் கையில் உள்ள மதிப்பீட்டுத் தாளிலேயே தேடுங்கள்.

தாளில் இரண்டு வரிகளை விரலால் தொட்டுப் பாருங்கள். ஒன்று, துணைப்பொருள். சீட் கவர், கால்மிதி, அடிப்பக்கப் பூச்சு, பெயிண்ட் பாலிஷ் என்று ஒரே மொத்தமாகப் போட்டிருப்பார்கள். கால்மிதி வேண்டும், மற்றவை வெளியில் பாதி விலைக்குக் கிடைக்கும், பாதி தேவையே இல்லை. இன்னொன்று, இன்சூரன்ஸ். புதிய காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பீடு மூன்று ஆண்டுக்குச் சேர்த்து எடுப்பது கட்டாயம். ஆனால் ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. காரின் எக்ஸ் ஷோரூம் விலையையும் வேரியண்ட்டையும் கொடுத்து வெளியில் இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தரும் காப்பீட்டை (தேய்மானக் கழிவில்லாதது) மட்டும் விட்டுவிடாதீர்கள். வளைவில் பம்பர் உரசுவது எங்கள் பக்கம் சாதாரணம்.

இசட்எக்ஸ்ஐ பிளஸ் வரை போக வேண்டாம். ஒன்பது அங்குலத் திரை, குரூஸ் கண்ட்ரோல் என்று அதில் வருபவை நால்வழிச் சாலைக்காரர்களுக்கு.

கொண்டை ஊசி 40

வால்பாறைச் சாலையில் கவர்க்கல் பகுதியில் பகலிலேயே மூடுபனி இறங்கி, பத்தடிக்கு முன்னால் இருப்பது தெரியாமல் போகும். மூடுபனி விளக்கு பிளஸ்ஸில்தான் வருகிறது, அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கிரீஸ் கை

அது பிற்பாடு மாட்டிக்கொள்ளக்கூடிய வகை. அதற்காக எழுபதாயிரம் கொடுக்க வேண்டியதில்லை. பம்பரில் கீழே தனியாக உட்காருவதால் ஹெட்லைட்டைத் தொட வேண்டாம். ஷோரூம் துணைப்பொருளாகவே, ஒயர் அறுக்காமல், பில்லோடு மாட்டச் சொல்லுங்கள்.

உடுமலை ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. பதில்களை அச்செடுத்துக்கொண்டு சனிக்கிழமை மீண்டும் ஷோரூமுக்குச் சென்றேன். அரிசி மூட்டையையும் தேங்காய்ச் சாக்கையும் டெஸ்ட் டிரைவுக்கு ஏற்றியபோது விற்பனைப் பையன் சிரித்தான், சி.என்.ஜி. வண்டியின் டிக்கியைத் திறந்து சாக்கை வைக்கப் பார்த்தபோது சிரிப்பை நிறுத்திக்கொண்டான். மூட்டை விளிம்பில் சாய்ந்து நின்றது, கதவு மூடவில்லை. பெட்ரோல் வண்டியில் இரண்டும் படுத்துக்கொண்டன. மேலே ஒரு பைக்கும் இடம் இருந்தது.

மலைக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள். ஊருக்கு வெளியே மேம்பாலச் சரிவில் ஏஎம்டி வண்டியில் நால்வராக ஏறி, ஏ.சி.யை முழுவதும் வைத்து, நடுவில் நிறுத்திக் கிளப்பிப் பார்த்தேன். தானியங்கி நிலையில் கொண்டை ஊசி அவர்கள் சொன்ன அந்த மூச்சடக்கல் உண்மைதான். முதல் முறை வண்டி அணைந்துவிட்டதோ என்று பயந்தேன். மேனுவல் நிலைக்குத் தள்ளி நானே குறைத்தபோது அந்தத் தயக்கம் இல்லை. பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்வாங்காமல் நின்று, பிறகு நகர்ந்தது. பழைய காரில் இதற்கு ஹேண்ட் பிரேக்கோடு மல்லுக்கட்டுவேன். அரை மணி நேரம் ஓட்டி இறங்கியபோது இடது கால் எதையுமே செய்யவில்லை என்பதே விநோதமாக இருந்தது.

மதிப்பீட்டுத் தாளில் துணைப்பொருள் என்ற வரியில் 26,400 ரூபாய் இருந்தது. கால்மிதி தவிர மற்றதை அடிக்கச் சொன்னேன். மேலாளர் வந்து, அது எல்லோருக்கும் பொதுவான பேக்கேஜ் என்றார். பத்து நிமிடம் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அடித்துவிட்டார். இன்சூரன்ஸை அதே தேய்மானக் கழிவில்லாத வகையில் வெளியில் கேட்டதில் 13,000 ரூபாய் குறைந்தது. இரண்டும் சேர்ந்து 38,000-க்குச் சற்று மேல் வந்துவிட்டதால், பற்றாக்குறையாக நின்ற தொகையை மட்டும் வரம்புக்கு மேல் கொடுத்து இசட்எக்ஸ்ஐ ஏஎம்டியை முன்பதிவு செய்துவிட்டேன். சி.என்.ஜி.யில் கிடைத்திருக்கும் ஆண்டுக்கு 28,000 ரூபாயை இழக்கிறேன் என்பது தெரியும். கணக்கு நோட்டு அவர்கள் மன்னிக்க வேண்டும். மூட்டு மருத்துவருக்கு நான் கொடுத்துக்கொண்டிருக்கும் தொகையை அவர் கணக்கில் சேர்க்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

வண்டி வந்து முதல் முறை வால்பாறை போய் வந்ததும் மைலேஜை எழுதுகிறேன்.

கணக்கு நோட்டு

மன்னிப்பு எதற்கு, நல்ல முடிவு. ஒரு வேண்டுகோள்: திரை காட்டும் மைலேஜை எழுதாதீர்கள். கிளம்பும்போது பம்ப் தானாக நிற்கும் வரை நிரப்பிக்கொண்டு, ட்ரிப் மீட்டரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். திரும்பி வந்து அதே நிலையத்தில் அதே பம்பில் மறுபடி தானாக நிற்கும் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை இரண்டாம் முறை பிடித்த லிட்டரால் வகுங்கள். டேங்க் 37 லிட்டர் என்பதால் உங்கள் பயணத்துக்கு நடுவில் நிரப்ப வேண்டிய தேவை வராது. மலைக்குப் போன கணக்கையும் பள்ளிக்குப் போன கணக்கையும் தனித்தனியாகக் கொடுத்தால், என் 19 சரியா தவறா என்று நானும் திருத்திக்கொள்வேன்.